ஏழாவது பைக்குச் சிவப்பு

இடது கை போர்டைச் சாய்த்துப் பிடித்திருக்க, வலது கை சூடான சால்டரிங் அயர்னின் முனையை ஒரு சிப்பின் காலின் மேல் வைத்தது. ஈயம் பளபளத்து இளகியது. உறிஞ்சியை வைத்து இழுத்ததும் கால் விடுபட்டது. அடுத்து ஒரு டிரான்சிஸ்டர். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று கால். வெட்டுக்குறடு அதில் ஒன்றை அடியோடு நறுக்கியது. மற்ற இரண்டையும் எந்தத் திசையில் மாட்டக் கூடாது என்பார்களோ அந்தத் திசையிலேயே விரல்கள் மாட்டின. மின்சாரம் கொடுத்துப் பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்ததும் சத்தம் வந்தது. தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். விடாமல், எந்தத் தாளமும் இல்லாமல்.

அயர்னை ஸ்டாண்டில் செருகிவிட்டுக் கோமளா இரண்டு கைகளையும் மடியில் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் மதிவதனியை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வேலை போனாலும் சரி, திருடி என்ற பேர் நிலைத்தாலும் சரி, அதற்குக் காரணம் இந்த விரல்கள்தான். அது கோமளா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உலகநாதனின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஸ்டெபிலைசர், லிஃப்ட் போர்டு, டோக்கன் காட்டும் விளக்குப் பலகை என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய கோமளா, போர்டில் உதிரிகளைச் செருகுகிற வேலைக்குத்தான் நூம்பலிலிருந்து வந்தாள். செருகிச் செருகி எது எதற்கு என்று தெரிந்தது. ரிப்பேருக்கு வந்த போர்டுகளைத் திருப்பிப் போட்டு, கோடு கோடாகக் காகிதத்தில் வரைந்து பார்த்துச் சர்க்யூட் படித்தாள். புரோகிராம் எழுதப் போனிலேயே பழகினாள். ஒரு வரி புரியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பஸ்ஸிலும் சமையலிலும் அந்த வரி கூடவே வரும்.

பட்டறைக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. சிப்பின் எந்தக் காலும் அந்தரத்தில் நிற்கக் கூடாது. வேலை இல்லாத கால் என்றால் கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய வோல்ட்டோடு, சேர்த்து ஈயம் வைத்துவிட வேண்டும். காற்றில் நிற்கிற கால் எதையாவது பிடித்துக்கொண்டு வந்து, போர்டையே பைத்தியம் பிடிக்க வைக்கும் என்பார் உலகநாதன். அது உண்மைதான். கோமளாவின் போர்டுகள் திரும்பி வந்ததே இல்லை.

கேட் பெட்டிக்கு ஆர்டர் வந்தபோது அதை முழுக்க அவளே செய்தாள். தொழிற்சாலையிலிருந்து வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் துணி மறைப்புக்குள் போய்ச் சோதனைக்கு நிற்க வேண்டும். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்குச் சிவப்பு. யாரைச் சோதிப்பது என்பதைக் காவலாளியின் கண்ணுக்கும் வாய்க்கும் விடாமல் இருக்கத்தான் இந்தப் பெட்டி. இனிமேல் யாரையும் யாரும் கை நீட்டிக் காட்ட முடியாது என்று அப்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

புரோகிராமுக்குத் தானாக எண்ணைக் குலுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து கணக்குப் போட்டு, குலுக்கினது போலவே ஒரு வரிசையைக் கொட்டும். அதே தொடக்கத்தைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும். ஆகையால் ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் தொடக்கம் மாற வேண்டும். அதற்கு எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். சிப்பின் ஒரு காலை வேண்டுமென்றே அந்தரத்தில் விட்டு, அது காற்றில் பிடிக்கிற இரைச்சலைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டாள். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் வேறு வேறாகத்தான் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் கனெக்டர் செய்கிற கம்பெனிக்கு முதல் பெட்டி போனது. பிறகு திருமழிசை, ஆவடி, எஸ்டேட்டுக்குள்ளேயே ஒன்றிரண்டு.

அந்த முதல் கம்பெனியில்தான் மதிவதனி வேலை பார்த்தாள். நூம்பலில் கோமளா வீட்டுக்கு அடுத்த தெரு. தங்க முலாம் பூசிய கனெக்டர் ஊசிகளை, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பிளாஸ்டிக்கில் செருகுகிற வேலை.

முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்தடுத்து அவளுக்கே சிவப்பு எரிந்தபோது, மிஷின் உன்னை லவ் பண்ணுதுடி மதி என்று பஸ்ஸில் கிண்டல் செய்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சிரிப்பு குறைந்தது. அடுத்த வாரம், மறைப்புக்குள் போய்விட்டு வந்தவளுக்குப் பஸ்ஸில் யாரும் இடம் போட்டு வைக்கவில்லை. கேட்டில் நிற்கிற திருவேங்கடம், ஆட்களைப் பயத்தில் வைப்பதற்காக, பெட்டிக்குள் சென்சார் இருக்கிறது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஆரம்பத்திலேயே அவிழ்த்து விட்டிருந்தார். வேடிக்கையாகச் சொன்னது இப்போது வேடிக்கையாக இல்லை. ஒரு நாள் கூட அவளிடம் ஒரு ஊசி அகப்படவில்லை. அதையே அவளுக்கு எதிராகப் பேசினார்கள். கெட்டிக்காரி, மாட்டாமல் செய்கிறாள் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து ஸ்டோர் கணக்கில் ஒரு பெட்டி ஊசி குறைந்தது, அவள் மேல் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதிவதனி கோமளா வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அந்த மிஷின் நீ செஞ்சதுதானே கோமளா? அதுக்கு எம்மேல இன்னா காண்டு?"

யாருக்கு வேண்டுமானாலும் வரும், இது உன் நேரம் என்றாள் கோமளா. சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

மதிவதனி தலையாட்டினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "டெய்லி பெல் அடிக்க முன்னாடி பாத்ரூம்ல போயி நானே என்னைத் தடவிப் பாத்துக்கறேன். முடியக் கூட அவுத்து உதறிடறேன். எனக்கே தெரியாம எதுனா எடுத்துகினு வர்றேனோன்னு கீது."

எடுக்காதவளுக்கே தான் எடுத்தோமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வரிசையில் எங்கே நிற்பாய் என்று கேட்டாள் கோமளா. எப்போதும் அதே இடம்தான் என்றாள் மதிவதனி. காலையில் நூம்பல் பஸ்தான் முதலில் போய்ச் சேரும். இறங்குகிற வரிசையிலேயே கேட் ஓரத்துச் சுவரை ஒட்டிப் பைகளை வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பது போலத்தான். ஷிப்ட் முடிந்ததும் அவரவர் பைக்கு நேராக வந்து நிற்பார்கள். பை இருக்கிற இடத்தில் இன்னொருத்தி நிற்க மாட்டாள், அது சண்டைக்கு இழுக்கிற காரியம். மதிவதனியின் நீலப் பை ஏழாவது. பின்னால் வருகிற பஸ்காரர்கள்தான் முட்டி மோதிக்கொண்டு எப்படியோ நிற்பார்கள், அங்கே தினம் வேறு ஆளுக்குச் சிவப்பு எரியும்.

அன்றைக்குப் பட்டறை மூடியிருந்தது. மறுநாள் முதல் வேலையாக, அதே தொகுப்பில் மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்து அழுத்தினாள் கோமளா. பச்சை, பச்சை, பச்சை. ஏழாவதற்குச் சிவப்பு. பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள். ஏழாவதற்குச் சிவப்பு. மறுபடி. மறுபடி. உள்ளங்கை ஈரமாகிப் பொத்தான் வழுக்கியது.

மூடியைக் கழற்றிப் போர்டைத் திருப்பினாள். தொடக்க எண்ணுக்காக அந்தரத்தில் விட வேண்டிய கால், கிரவுண்டோடு சேர்த்து அழகாக ஈயம் வைக்கப்பட்டிருந்தது. உருண்டு திரண்டு, கண்ணாடி போல மின்னிய ஈயம். அது அவள் கை ஈயம்தான். மேசைப் போர்டில் விட்டதை, விற்பனைக்குப் போன போர்டுகளில் பழக்கதோஷத்தில் கட்டிப் போட்டிருக்கிறாள். அந்தக் கால் எந்தக் காலத்திலும் பூஜ்யத்தைத் தவிர வேறொன்றும் சொல்லாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அதே தொடக்கம், அதே வரிசை.

கேட்டில் பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தால் கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் அங்கே இருந்தது ஒரே பிளக். பெல் அடிக்கிற வரைக்கும் அதில் திருவேங்கடம் தன் போனைச் சார்ஜ் போடுவார். பெல் அடித்ததும் போனைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டுவார். இதையும் மதிவதனிதான் முந்தின நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

கோமளா யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினாள். திருமழிசையிலும் ஆவடியிலும் இருக்கிற கேட்டுகள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. அங்கேயும் யாராவது ஒருத்தி பையை வைத்து இடம் பிடிக்கிறாளோ? முகம் தெரியாத அந்த ஏழாவது ஆள், இந்நேரம் தன் முடியை அவிழ்த்து உதறிக்கொண்டிருக்கிறாளோ?

பயத்தோடேயே வேலையைத் தொடங்கினாள். ஈயத்தை எடுத்துக் காலை விடுவித்துப் பார்த்தாள். இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் அந்தக் கால் ஊமையாகிவிட்டது. ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது. காற்றிலிருந்து பிடிக்கிற வழி இனி உதவாது, இரைச்சல் உள்ளேயே பிறக்க வேண்டும் என்று புரிந்தது. அப்படித்தான் தலைகீழாக மாட்டிய டிரான்சிஸ்டருக்கு வந்தாள். தாங்க முடியாத பக்கமாக மின்சாரத்தைத் தள்ளினால் அதற்குள் அது சிதறிச் சிதறிப் பாய்கிறது. அடுத்த நொடியில் எப்படிப் பாயும் என்பது எவருக்கும் தெரியாது. அந்தத் தூறல் சத்தம் அதுதான்.

ஆனால் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டபோது தூறலுக்கு நடுவே ஒரு லேசான துடிப்பு இருந்தது. பக்கத்துக் கொட்டகையின் பவர் பிரஸ் தகட்டில் இறங்குகிறபோதெல்லாம் துடித்தது. பிரஸ்ஸின் தாளம் கரண்டு வழியாக இங்கே வந்து, யார் மறைப்புக்குள் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. டிரான்சிஸ்டரின் அந்த இரண்டு காலுக்கும் தனியாக மின்சாரம் வடிகட்டிக் கொடுத்து, சுற்றிலும் தகரத்தை மடித்து மூடிய பிறகுதான் துடிப்பு அடங்கியது.

அதன் பிறகும், இரைச்சலை ஒன்று, பூஜ்யம் என்று எண்களாக மாற்றிப் பார்த்தபோது பூஜ்யங்களைவிட ஒன்றுகளே அதிகமாக விழுந்தன. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தூக்கிப் போட்டாள். வேறு வேறாக இருந்தால் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒன்று-பூஜ்யம் வருவதற்கும் பூஜ்யம்-ஒன்று வருவதற்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்பதால் சாய்வு நேராகிவிடும். கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் பூஜ்யமும் சரிசமமாக இருந்தன.

புதன்கிழமை உலகநாதன் அவள் மேசைக்கு வந்தார். இரண்டு நாளாக மூஞ்சி பேயறைந்த மாதிரி இருக்கிறதே, என்ன சமாச்சாரம் என்று கேட்டார். அவள் பழைய பெட்டியை அவர் பக்கம் தள்ளி அழுத்தச் சொன்னாள். அணைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். பிறகு போர்டைத் திருப்பி ஈயத்தைக் காட்டி, ஏழாவதாக நிற்கிற மதிவதனியைப் பற்றிச் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்திலும் தன் பயமே ஏறியதைப் பார்த்தபோது கோமளாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வெளில தெரிஞ்சா ஒருத்தன் ஆர்டர் குடுக்க மாட்டான்," என்றார்.

கம்பெனியின் பர்சனல் மேனேஜர் ஞானசேகரனுக்குப் போன் போட்டார். புது மாடல் வந்திருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று மட்டும் சொன்னார். ஞானசேகரன் ஒத்துக்கொண்டார். கூடவே ஒன்று சொன்னார். அந்த மதிவதனியும் மிஷின்தான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை புது மிஷினை வையுங்கள். அதிலும் அவருக்கே சிவப்பு வந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

போனை வைத்துவிட்டு உலகநாதன் கோமளாவைப் பார்த்தார். "ஏழாவதுக்குப் பச்சைன்னு ஒரு வரி எழுதிடேன். அந்தப் பொண்ணும் பொழைச்சுக்கும், நாமளும் பொழைச்சுக்குவோம். ஒரு வரிதானே?"

ஒரு வரிதான். எழுதினாள். ஓட்டிப் பார்த்தாள். ஏழாவதற்குப் பச்சை. அணைத்துப் போட்டாள். ஏழாவதற்குப் பச்சை. எத்தனை முறை போட்டாலும் பச்சை. மதிவதனி தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதி முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது. இது அதே பழைய பெட்டி, நிறம்தான் வேறு. ஏழாவது இடத்தில் மாட்டுவதில்லை என்று ஊசி எடுக்கிறவள் என்றைக்காவது கண்டுபிடிப்பாள், அந்த இடத்தில் பையை வைப்பாள். மதிவதனிக்குத்தான் இதில் என்ன விடிவு? முன்னெல்லாம் மிஷின் பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது எப்படியோ தப்பிக்கிறாள் என்றுதானே பேசுவார்கள்?

அந்த வரியை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். பச்சை. அணைத்து ஓட்டினாள். பச்சை. இன்னொரு தரம் ஓட்டியபோது ஏழாவதற்குச் சிவப்பு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இது நேர்மையான சிவப்பு. வெள்ளிக்கிழமையும் இது வரலாம். வந்தால் ஒரு பாவமும் அறியாதவளை, சரியாகச் செய்த பெட்டியே முடித்துவிடும். பொய்ப் பெட்டி அவளைக் காப்பாற்றும், மெய்ப்பெட்டி காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

புதுப் பெட்டியை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள். பழையதை வைத்தே பேச வேண்டும். உலகநாதனிடம் அதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் அயர்ன் முனையை ஸ்பாஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஸ்கூட்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஹெல்மெட் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

வேலப்பன்சாவடி தாண்டி நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. புதுப் பெட்டி இருந்த பையை மடியில் அணைத்துக்கொண்டு கோமளா ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கென்று பார்த்துப் பழைய பெட்டி ஏழாவதற்குப் பச்சை காட்டிவிட்டால்? அப்படி நடக்க வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு விடவில்லை.

பெல் அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சுவரை ஒட்டிப் பைகள் வரிசையாக இருந்தன. ஏழாவதாக நீலப் பை. விசாரணைக்கு என்று முன்னாலேயே வெளியே கூட்டி வரப்பட்ட மதிவதனி அதன் பக்கத்தில் நின்றாள். தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். கோமளாவைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஞானசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புதுசை வைப்பதற்கு முன்னால் பழையதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் கோமளா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. உலகநாதன் அதையே திருப்பிச் சத்தமாகச் சொன்னார். திருவேங்கடம் போனைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டினார். சும்மா அழுத்துங்கள் அண்ணாத்தே, எண்ணிக்கொண்டே அழுத்துங்கள் என்றாள் கோமளா.

அவர் எண்ணினார். ஏழு என்றபோது சிவப்பு.

பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னாள். மறுபடி எண்ணினார். இந்தத் தடவை ஏழு என்பதை மெதுவாகச் சொன்னார். சிவப்பு. அதற்குள் பெல் அடித்து நூம்பல் பஸ் பெண்கள் அவரவர் பைக்கு நேராக வந்து நின்றுவிட்டார்கள். ஞானசேகரன் கையைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்து, தானே பிளக்கைப் பிடுங்கி, தானே மாட்டி, தானே அழுத்தினார். ஏழாவதில் விரலை எடுக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இன்னாமோ சென்சார் கீதுன்னியே," என்று வரிசையிலிருந்து ஒருத்தி திருவேங்கடத்தைக் கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

கோமளா பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிப் போர்டைத் திருப்பி அந்த ஈயத்தைக் காட்டினாள். அந்தரத்தில் நிற்க வேண்டிய கால், கட்டிப் போட்டது நான்தான் என்றாள். எதிரே இருந்த முகங்களைப் பார்க்கத் துணிவில்லாமல் ஈயத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எங்க பட்டறை வழக்கம் சார்," என்றார் உலகநாதன். "நான் போட்ட வழக்கம். மத்த கேட்டுக்கும் நாளைக்கே போயி மாத்தறோம்."

ஞானசேகரன் மதிவதனியின் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் எரிந்த சிவப்பு எதுவும் கணக்கில் வராது, இன்றைக்கு விசாரணை இல்லை என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரிசையில் ஆறாவதாக நின்றவள், இத்தனை நாள் விட்டிருந்த இடைவெளியைக் கடந்து நெருங்கி வந்து மதிவதனியின் தோளை இடித்துக்கொண்டு நின்றாள். மதிவதனி கேவிவிட்டு உடனே அடக்கிக்கொண்டாள்.

"புதுசுல இவங்களுக்கு என்ன வரும்?" என்று கேட்டார் ஞானசேகரன்.

"தெரியாது சார்."

"செஞ்சவங்க நீங்கதானே?"

"எனக்கே தெரியாத மாதிரிதான் சார் செஞ்சிருக்கேன்."

அவர் அதை யோசித்தபடி தலையாட்டினார். கோமளா மதிவதனியைப் பார்த்தாள். இன்றைக்கு மட்டும் வேறு இடத்தில் நின்றுகொள்ளேன் என்று சொல்ல வாயெடுத்தாள். எந்த இடத்தில் நின்றாலும் ஒன்றுதான் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மதிவதனி நீலப் பையை எடுக்கவில்லை, நகரவும் இல்லை. ஏழாவது இடத்திலேயே நின்று, கோமளாவின் கையைப் பார்த்தாள்.

கோமளா தன் பையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து, முந்தானையால் அதன் மூடியை ஒரு முறை துடைத்தாள். திருவேங்கடம் போன் சார்ஜரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் கொடுத்தாள்.